ஆறு ஓடும்வரைக்கும்

விடுதிச் சமையலறை. பாத்திரம் காயும் நேரம்.
டெல்ஃபீன் ஒரு தாளை மேசையில் வைத்தாள்:
ஒப்பந்தப் பணம். க்ரீ ஜனத்துக்குத் தலைக்கு ஐந்து டாலர்,
வருஷத்துக்கொரு தரம்.
"எதுவரைக்கும்?"
"ஆறு ஓடும்வரைக்கும்."

லம்துவான் சிரித்துவிட்டாள். பிறகு
சிரித்திருக்க வேண்டாமோ என்று
ஈரமில்லாத கையைத் துடைத்தாள்.

தாய்லாந்தில், அவள் ஊரில், மூன் ஆற்றை மறித்தார்கள்.
மீன் வரவில்லை;
ஏஜெண்ட் வந்தான்.
வயல் பத்திரம் இன்னும் அவன் பீரோவில்.

"இங்கேயும் அணைதான். அப்பா கண்ணி வைத்த காடு
தண்ணீருக்கடியில்.
குழாய்த் தண்ணீரோ காய்ச்சாமல் ஆகாது.
கரண்ட் தெற்கே போகிறது."

ஐந்து டாலருக்கு இந்த ஊரில்
ஒரு லிட்டர் பால் வராது.
இருவரும் போய்ச் சிப்ஸ் மெஷினில் தாளைச் செருகினார்கள்.
இரண்டு தரம் துப்பியது.
மூன்றாம் தரம் விழுங்கிக்கொண்டு
சும்மா நின்றது,
விளக்கு மட்டும் எரிய.