பச்சை தீர்வதில்லை

எண்ணிப் பார்த்தால் முப்பத்தேழு.
ஒற்றை நிறப் பேனா கணக்கில் இல்லை,
அது யாரிடமும் இருக்கும்.

நாலு நிறம் பதினெட்டு.
நிறத்தோடு பென்சிலும் உள்ளது ஒன்பது.
மிச்சம் வகைக்கு அடங்காதவை.
துபாயிலிருந்து கிளீட்டஸ் கொண்டுவந்த ஒன்றில்
தலையைத் திருகினால் ஸ்க்ரூடிரைவர்,
வயிற்றில் ரசமட்டம், விலாவில் ஸ்கேல்.
எழுத மட்டும் வராது.

குளச்சலில் மீன் ஏலக் கணக்கு எழுதுகிறவளுக்கு
கை எப்போதும் ஈரம்,
விரலில் சாளைச் செதில்.
நாலு பேனாவோடு வள்ளத்துக்கு வள்ளம் ஓட முடியுமா?
கறுப்பு எடை. நீலம் விலை. சிவப்பு கடன்.
பச்சை, தீர்ந்த கணக்கு.

ஞாயிறு பூசை முடிந்ததும்
மார்த்தாண்டத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் ஜெபின்
பிஸ்கட் டின்னோடு பஸ் இறங்குவான்.
சாயாக்கடை பெஞ்சில் இருவரும்
பொண்ணுக்கு நகை பார்க்கிறவர்கள் மாதிரி
ஒவ்வொன்றாய் எடுத்து வைப்போம்.
இது கனம். இதன் கட்டை ஆடுகிறது.
இது சொடக்கு விடுது, இது முனகுது.
இரண்டு கட்டையைச் சேர்த்து அமுக்கினால்
இரண்டும் வாசலில் இடித்துக்கொண்டு
ஒன்றும் வெளியே வராது,
ஜப்பான் பேனாவானாலும் அப்படித்தான்.
இதைச் சொன்னபோது அவன் என்னைப் பார்க்கவில்லை.

அவன் பேனாக்களில் மை நிறைந்திருக்கும்.
எழுதினா வெல போயிரும் என்பான்.
என்னுடையவற்றைப் பிரித்து
ரீஃபில்களை வெளிச்சத்தில் பிடித்தான்.
சிவப்பு எல்லாம் காலி,
கறுப்பு பாதி,
பச்சை, கடையில் வாங்கின அன்று போல.
"ஒங்க கடப்புறத்த இதுலயே படிச்சிரலாம்."

ஓணத்துக்கு முந்தின வாரம் அவன் தந்தது
அழியும் பேனா. மூன்று நிறம், பச்சை கிடையாது.
பின்னாலுள்ள ரப்பரால் தேய்த்தால்
அந்தச் சூட்டுக்கு எழுத்து மறையும்.
பிழை விடுகிறவளுக்கு வேறென்ன வேணும்?
அடுத்த மாதம் முழுக்க அதில்தான் எழுதினேன்.

பிறகு மழை.
நனைந்த நோட்டைச் சாயாக்கடைப் பாய்லர்மேல் வைத்தேன்,
ஒரு சாயா குடிக்கிற நேரம்.
திறந்தால்
பதினொரு வள்ளத்தின் கடனைக் காணோம்.
வேறு பேனாவால் எழுதிய பச்சை வரி நாலைந்து,
தீர்ந்த கணக்கு மட்டும்
தீராமல் கிடந்தது.

செய்தி ஐஸ் வண்டிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது.
இன்னாசி மெழுகுதிரி வாங்க ஓடினான்.
முதலாளி பர்னபாஸ் ஒன்றும் சொல்லவில்லை.
ஏசியிருக்கலாம்.

போனில் ஜெபின்:
"கரையாத பிள்ள. நல்ல குளிர்ல வை. திரும்பி வரும்."

ஏற்றுமதிக் கம்பெனியின் குளிரறை,
மைனஸ் இருபது.
இரண்டு பெட்டிக் கணவாய்க்கு நடுவே
பாலித்தீன் உறைக்குள் ஓரிரவு
என் நோட்டு.

வந்தது. மங்கல்தான், ஆனால் எல்லாம் வந்தது.
பதினொரு வள்ளமும் ரூபாய் பிசகாமல்.
கூடவே
நான் தேய்த்து அழித்தவையும்.
எட்டுக்கு அடியில் கிடந்த மூன்று,
கூட்டலில் விட்ட நூறு,
புருசனைக் கடல் திருப்பித் தராத ரெஜினாவின்
நாலாயிரத்து இருநூறு
(யாரும் கேட்கவில்லை,
ஒரு மத்தியானம் நானாகவே தேய்த்தேன்),
ஓரத்தில் நீலத்தில் ஐந்து தடவை
ஒரே பெயர்.

பத்து மணிக்கு முதலாளி நோட்டு கேட்பார்.

துபாய்ப் பேனாவின் ஸ்கேலை ஓரத்தில் வைத்து
நேராகக் கிழித்தேன்.
வந்ததுக்கு அது செய்த முதல் வேலை.
ரெஜினாவின் வரியில்
பழைய நாலு நிறத்தின் பச்சைக் கட்டையை இறக்கினேன்.
வராது என்றது.
உள்ளங்கையில் கிறுக்கி, ஊதி, மறுபடி கிறுக்கியதும்
வந்தது.
இந்த மாசச் சம்பளத்தில்
நாலாயிரத்து இருநூறு குறையும், அவ்வளவுதான்.

கிழித்த ஓரம் பர்ஸில் இருக்கிறது.
ஞாயிற்றுக்கிழமை
பர்ஸைப் பெஞ்சில் வைக்கும்போது
அதன்மேல் அவன் சாயா கிளாஸை வைத்துவிடாமல்
பார்த்துக்கொள்ள வேண்டும்.