பதின்மூன்றாவது தட்டு

காலை ஐந்தே கால். மைனஸ் பதினொன்று.
அளவுகோல் நட்ட இடத்தில்
புதுப்பனி இருபத்துமூன்று சென்டிமீட்டர்.
ஒரு கால் வைத்துப் பார்த்தேன்,
முழங்கால் வரை வாங்கிக்கொண்டது.
இரவெல்லாம் வடமேற்குக் காற்று:
கோழிக்கூண்டின் ஒரு பக்கம் கூரை மட்டும் பனி,
மறுபக்கம் வெறும் புல்.
எண்களைக் கைபேசியில் அனுப்பிவிட்டுக் காப்பி வைத்தேன்.
பதினேழு குளிர்காலமாக இப்படித்தான்.
சம்பளம் என்னவோ
எங்கடீன் பள்ளத்தாக்கில் மஞ்சள் பஸ் ஓட்டுவதற்கு.

ஞாயிற்றுக்கிழமை.
கூர்டினின் அடுமனைக்கு ஐந்து வாரத்தில் முதல் விடுப்பு.
செராய்னா வந்தாள், அவள் தம்பி தூரி வந்தான்.
சறுக்குப் பலகைகளின் அடியில் தோல் ஒட்டிக்கொண்டு
ஒருவர் தடத்தில் ஒருவராக ஏறினோம்.
பேச்சு குறைவு. மூச்சு மட்டும்
மீசையிலும் கழுத்துத்துணியிலும் வெள்ளையாக.

லார்ச் மரங்கள் முடியும் இடத்தில்
காலடியில் ஒரு சத்தம்.
இடியில்லை, வெடிப்புமில்லை.
பெரிய வீட்டின் ஏதோ ஓர் அறையில்
யாரோ மெத்தையில் பொத்தென்று உட்கார்ந்த மாதிரி.
நால்வரும் நின்றோம்.
தூரி சிரித்தான், பாதியில் நிறுத்திக்கொண்டான்.

மண்வெட்டியை எடுத்தேன்.
தரை தெரியும்வரை ஒன்றரை மீட்டர்.
வெட்டிய சுவரில் விரல் வைத்து
மேலிருந்து கீழே படித்தேன்:
இது நேற்று.
இது காற்று இறுக்கிய வியாழன்.
இந்த விரல் தடிமன் பனிக்கட்டி,
கிறிஸ்துமஸ் சந்தையில் மழை கொட்டி
செராய்னாவின் மெழுகுவத்திப் பெட்டிகள் ஊறிப்போன இரவு.
அதற்கும் கீழே நவம்பர்.
நவம்பரைக் கையில் அள்ளினேன்.
கல்லுப்பு போலப் பளபளத்து
ஒன்றையொன்று தொடாமல்
விரலிடுக்கில் ஒழுகியது.
உருண்டை பிடிக்க வராத பனி.
இரண்டு மாதமாக விழுந்ததையெல்லாம்
இதுதான் சுமந்துகொண்டிருந்தது.

ஒரு தூணை அறுத்து நிறுத்தி
உச்சியில் மண்வெட்டியின் இலையை வைத்து
மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு. அசையவில்லை.
முழங்கையிலிருந்து பதினொன்று, பன்னிரண்டு.
பதின்மூன்றில்
மேசை இழுப்பறை திறப்பதுபோல
வழுக்கி வந்து என் மடியில் விழுந்தது.

"வீட்டுக்கு" என்றேன்.
கூர்டின் மேலே பார்த்தான்.
யாரும் கோடு போடாத சரிவு,
வெயில் அப்போதுதான் அதன் தோளைத் தொட்டிருந்தது.
"ஒரு முழத் தூணுக்கு மலையைப் பற்றி என்ன தெரியும்?"
சொன்னான். ஆனாலும் திரும்பினான்.

இறங்கும் வழியில் எதிரே இருவர், ஆரஞ்சுச் சட்டை.
அல்லெக்ரா என்றோம்.
அவர்கள் மியூனிக் பேச்சில் வணக்கம் சொன்னார்கள்.
குழியைப் பற்றிச் சொன்னேன்.
கவனமாகக் கேட்டார்கள், நன்றி என்றார்கள், ஏறினார்கள்.

பூட்டிக் கிடந்த மாட்டுக்கொட்டகையின் சுவரோரம்
தேநீர். பைனாகுலர் கைமாறியது.
ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள்.
எழுதிப் பழகிய கை எழுதினாற்போல்
இரண்டு நீண்ட சுழிகள்.
எதுவும் உடையவில்லை.
பனித்தூள் எழுந்து வெயிலில் நின்றது,
அவசரமில்லாமல் அடங்கியது.

கடைசி வளைவில் பைனாகுலர் என்னிடம் இருந்தது.
ஒரு நொடி,
உடையட்டும் என்று நினைத்தேன்.
ஆட்கள் தப்பித்துவிட வேண்டும், அது சரி.
ஆனால் உடையட்டும்,
கூர்டின் பார்க்க.
கண்ணாடியில் ஆவி படிந்தது.
துடைத்துச் செராய்னாவிடம் கொடுத்தேன்.

அந்தச் சரிவு அந்தப் பருவம் முழுக்க உடையவேயில்லை.
ஏப்ரலில் தண்ணீராகி
சாலைக்கடியில் பதித்த குழாய் வழியே போயிற்று,
நான் அதன்மேல் பஸ் ஓட்டினேன்.

மறுநாள் ஐந்தே கால். மைனஸ் பதினான்கு. புதுப்பனி இல்லை.
கவனித்த பனிச்சரிவுகள் என்ற கட்டத்தில்
பூஜ்யம் போட்டேன்.
வேறு கட்டம் இருக்கிறதா என்று
கொஞ்ச நேரம் தேடினேன்.

வியாழன் விடியலில் கூர்டின் அழைத்தான்.
"எப்படி இருக்கிறது?"
பனியைத்தான் கேட்டான்.
"அடியில் இன்னும் ஒட்டவில்லை."
மறுமுனையில் அடுப்புக் கதவு திறந்து மூடியது.
"சரி. ஞாயிறு காட்டுக்குள்ளேயே சுற்றுவோம்.
தூரிக்கு வேறு பலகை வேண்டும், உன்னிடம் இருக்கிறதா?"