இருபது கிலோ

ஜெகதேவி ரோட்டு எடைமேடையில்
ராத்திரி ஷிப்ட் எனக்கு.
பி.எஸ்சி. இயற்பியல், ஒரு பேப்பர் பாக்கி.

பன்னிரண்டே காலுக்குத் திம்மராயன் வண்டி ஏறியது.
கறுப்புக் கல், ஒரே பாளம்,
விளிம்பில் டிரில் போட்ட வரிகள் ஆறாமல்.
நாற்பத்தெட்டு டன் அறுநூறு.
"ஆறு டன் கூடுதல்ண்ணா."
"ஃபைன் போடாத ஊரு எதுனா கீதா?"
ஜன்னல் வழியே மேலே கை காட்டினேன்.
அங்கே ஆறில் ஒரு பங்கு. எட்டு டன் நூறு.
"ஆர்டிஓ?"
"காத்தே கெடையாதுண்ணா."
"அப்ப டீக்கடையும் இருக்காது"
என்று இறங்கிப் போனார், டீ குடிக்க.

இந்தக் கல் துறைமுகம் போகும். கப்பலேறி
எனக்குப் பெயர் தெரியாத குளிர் நாட்டில்
யாரோ ஒருவரின் தலைமாட்டில் நிற்கும்.
பாலீஷ் போட்ட முகத்தில்
அந்த ஊர் நிலா விழும்.
இதே நிலாதான்,
கொஞ்சம் சாய்ந்து.

ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால்
போகாத கல் ஒன்று நிற்கிறது.
மாடு மீட்கப் போய் அம்பு வாங்கியவன்.
முகம் தேய்ந்துவிட்டது, வாளில் பாதிதான் மிச்சம்.
தலைக்கு மேல் இந்தப் பக்கம் சூரியன், அந்தப் பக்கம் பிறை:
அவை உள்ளவரை இவனும்.
செதுக்கியவன் பெயரைவிடப் பிறையை ஆழமாக வெட்டியிருக்கிறான்.
வெற்றிலை போடும் லோடுமேன்கள்
விரலில் மிஞ்சிய சுண்ணாம்பை
அந்தப் பள்ளத்தில்தான் துடைக்கிறார்கள்.
அமாவாசையிலும் தெரிகிறது.

டீ குடித்துவிட்டு வந்தவர் சொன்னார்:
"நாமக்கல் பக்கம் வெள்ளைக் கல்லு ஏத்துனேன் ஒருக்கா.
நிலா மண்ணு செய்யணும்னு அரைச்சாங்க,
ராக்கெட்காரங்க வண்டி ஓட்டிப் பாக்கறதுக்கு.
தார்ப்பாய் கட்டுன்னாங்க. நிலா பறந்துடுமாம்."
நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம்.
"ரேகையில ஒட்டுனது போக ஒரு வாரம் ஆச்சு"
என்று உள்ளங்கையை விரித்தார்.
கறுப்பாகத்தான் இருந்தது.

வண்டி போன பிறகும்
சிவப்பு எழுத்து பூஜ்யத்துக்கு வரவில்லை.
இருபது கிலோ.
டார்ச் எடுத்துப் போனேன். அதை அடிக்கத் தேவைப்படவில்லை.
நாய் இல்லை. கல் சில்லு இல்லை.
தகடு நீளத்துக்கும் வெளிச்சம் படுத்திருந்தது.

மார்கழிப் பனியாக இருக்கும்.
கீழே லோட் செல் குளிர்ந்திருக்கும்.
ஒளிக்கு அழுத்தம் உண்டு,
பாக்கிப் பேப்பரில் கேட்டிருந்தான்,
ஐந்து மதிப்பெண், எழுதாமல் விட்டேன்.
எழுதியிருந்தாலும் இருபது கிலோ வராது.

ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால்
பூஜ்யப் பொத்தானை அழுத்த வேண்டும், அது விதி.
அடுத்த வண்டி பர்கூரில் டயர் மாற்றுகிறதாம்,
அரை மணி ஆகும் என்று போன்.

சரி, இருக்கட்டும் என்று விட்டேன்.