பதினாலு தலை

வத்தலக்குண்டில் எண்ணும்போது பதினாலு.
ஊத்து தாண்டியதும் மூன்று பேருக்கு வாந்தி.
தாண்டிக்குடி முருகனுக்கு இருபது நிமிடம்,
அதில் பத்து, செருப்பு தேட.

அப்புறம் காப்பித் தோட்டத்துக்குள் கல்வீடுகள்.
"ரெண்டாயிரம் வருஷம்" என்றேன்.
போன வாரம் மூவாயிரம் சொன்னதாக ஞாபகம்.
பலகைக்கல் நாலு, மேலே மூடி ஒன்று,
உள்ளே யாரோ விட்டுப்போன பீடிக்கட்டு.

வேனில் எண்ணினால் பதிமூன்று.

திரும்பிப் போனேன்.
சுருளிவேல் சார்,
மின்வாரியத்தில் முப்பது வருடம்
வீடு வீடாக மீட்டர் பார்த்தவர்,
கல்வீட்டுக்குள் கால் நீட்டிப் படுத்திருந்தார்,
மூக்குக்கண்ணாடி நெஞ்சின் மேல்.

"சார், பூம்பாறையில நடை சாத்திருவாங்க."

"அளவு சரியா இருக்கு தம்பி" என்றார்,
ஜவுளிக்கடையில் சட்டை போட்டுப் பார்ப்பவர்போல.
ஹாரன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

நடை சாத்தியிருந்தது.
பூட்டுக்கு முன்னால் பதிமூன்று பேரும்
என்னைத்தான் முறைத்தார்கள்.
திரும்பும் வழியில் அவர் ஆரஞ்சு உரித்து
சீட்டு சீட்டாக நீட்டினார்.
பாதிப்பேர் வாங்கவில்லை.
நான் ரெண்டு சுளை எடுத்துக்கொண்டேன், புளிப்பு.

இறங்கும்போது பார்த்தேன்,
வெள்ளைச் சட்டை முதுகு முழுக்க மண்.
தட்டிவிடப் போன கையை இழுத்துக்கொண்டு
"பதினாலு" என்றேன் டிரைவரிடம்.
அவர் கேட்கவேயில்லை.