இருபத்தொன்றாம் வளைவு

மூன்றேகாலுக்கு அலாரம்.
ஒரு டம்ளர் தண்ணீர், பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு
மறுபடி படுக்க வேண்டும், மல்லாந்து.
அசையக் கூடாது, மூக்கு அரித்தாலும்.
கன்னங்குறிச்சியில் இந்நேரம் நாய்கள்கூட
பேசி முடித்திருக்கும்.
முதல் பஸ் ஐந்தரைக்கு. அதற்குள்
ஒரு தடவை மேலே போய் வந்துவிடலாம்.

அடிவாரம் செக்போஸ்ட். கம்பு உயர்கிறது.
ஒன்று, என்று மூச்சு விடுகிறேன்.
இரண்டு. கால்கள் இல்லை.
ஐந்தில் கைகள் யாருடையவோ.
தூங்கிவிட்டால் போச்சு, விழித்துவிட்டாலும் போச்சு.
மேட்டில் கிளட்ச்சைப் பாதி விட்டு
வண்டியைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி
பின்னால் உருளாமல், முன்னால் பாயாமல்
அந்த நடுவில் நிற்கத் தெரிய வேண்டும்.

ஒன்பதில் அமுக்குவான் வருவான்.
நெஞ்சில் ஏறி உட்காருவான்,
காதுக்குள் லேத் பட்டறை ஓடும்.
முதல் வருடமெல்லாம்
கத்த முடியாத வாயோடு விழித்தேன்.
இந்திராணி திருநீறு பூசிவிட்டாள்.
இப்போது சொல்கிறேன்: உட்காரு, உனக்கு டிக்கெட் வேண்டாம்.

பதினாலு. இமைக்குள் செம்மண் நிறத்தில் ஏதோ நெளிகிறது.
பிறகு அது மூங்கில்.
பிறகு மூங்கிலுக்குப் பனி.
பதினெட்டில் ஸ்டீயரிங் கைக்கு வந்துவிடுகிறது
அதன் ரெக்சின் கிழிசலோடு.
இருபது.
அதோடு வளைவு தீர்ந்து ஊர் வர வேண்டும்.
வரவில்லை.
ஹெட்லைட்டில் ஒரு மஞ்சள் பலகை:
21/20.

சந்தோஷப்பட்டால் கலைந்துவிடும்.
மெதுவாகக் கைகளை எடுக்கிறேன்.
பஸ் திரும்பவில்லை, நேரே போகிறது
சுவர் இல்லாத பக்கம்.
கீழே சேலம்
உலர்த்தப் போட்ட ஜவ்வரிசியாய்.
கண்ணாடியில் பார்க்கிறேன்
ஐம்பத்திரண்டு சீட்டும் காலி.
எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

ஒன்று மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.
நிஜ வண்டியிலும், நிஜ மழையிலும்
ஒவ்வொரு பலகையையும் இரண்டு தடவை படிக்கிறேன்.

போன வியாழன் இருபதைத் தாண்டியும்
ஊர் வரத் தாமதமான மாதிரி இருந்தது.
ஓரங்கட்டினேன்.
"என்னண்ணே?" என்றான் சென்றாயன், விசிலைக் கீழே விட்டு.
மூக்கைப் பொத்தி மூச்சிழுத்தேன்.
கனவென்றால் பொத்தினாலும் வரும்.
வரவில்லை.
அது போதவில்லை. இறங்கி நடந்துபோய்
கடைசிப் பலகையைத் தொட்டேன்:
பாசி, ஈரம்,
பாதி கிழிந்த மூல வைத்திய நோட்டீஸ்.

ஏறி உட்கார்ந்து
இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கில் வைத்தேன்.
ஏழாம் சீட்டில் ஒரு குழந்தை
ஜன்னலுக்கு வெளியே
வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது.