ஆடும் நிலம்

கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு
பதினோரு வருஷமாய் இந்த வளைவில் இறங்குகிறேன்.
மன்னவனூர் தாண்டி, கியர் மாற்றும் இடம்.
இடப்பக்கம் கொஞ்சம் பச்சை. அவ்வளவுதான் எனக்கு.

லோடு இல்லாத ஞாயிற்றுக்கிழமை
அங்கேதான் போகணும் என்றாள் செலின்.
"வெறும் புல்லு பாப்பா."
"இல்ல, தண்ணி. பஸ்ஸுல ஜன்னல் சீட்டு கெடைச்சா
அதுக்குள்ள வானம் தெரியும்."

சீகை மரங்களைத் தாண்டியதும்
தரையின் பேச்சு மாறியது.
முதலில் சொதசொத. பிறகு சத்தமே இல்லை.
அவள் குதித்தாள்.
பத்தடி தள்ளி நின்ற என் முழங்கால் ஆடியது.
மறுபடி குதித்தாள்.
கோரை மொத்தமும் தலையாட்டியது.

அவள் உயரத்துக்கு ஒரு குச்சி.
செருகச் செருக முழுசும் இறங்கிற்று.
இன்னும் இருக்கு என்றது கை.

பொத்தான் அளவில், சிவப்பாய், மண்ணோடு ஒட்டி
ஒரு செடி. மயிர் நுனிக்கு ஒரு சொட்டு.
அழுகண்ணி. பெயர் மட்டும் எங்கோ கேட்டது.
"யாரு அழ வச்சா?"
குப்புறப் படுத்துப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்:
"இது அழலப்பா. கொசு திங்குது."

அடுத்த செடியைத் தேடி அவள் போயிருந்தபோது
என் இடக்கால் போனது.
முழங்கால் வரை, அப்புறம் இன்னும் கொஞ்சம்.
இழுத்தேன். கால் வந்தது, செருப்பு வரவில்லை.
சேறு ஏப்பம் விட்டது.
சிரித்தாள். பாதியில் நிறுத்தினாள்.
அவளைத் தாங்கும் திட்டு என்னைத் தாங்காது.
இருவருக்கும் அது தெரிந்தபோது
கைக்கெட்டாத தூரத்தில் இருந்தாள்.

மஞ்சு இறங்கியது. அதற்குள்ளிருந்து
காட்டுமாடு.
லாரி முகப்பு மாதிரி நெற்றி,
நாலு காலிலும் வெள்ளைக் காலுறை.
கூப்பிட பயம். கூப்பிடாமல் இருக்கவும் பயம்.
செலின் அசையவில்லை.
நான் சொல்லிக்கொடுத்ததில்லை அதை.

ஒரு டன் இருக்கும்.
எங்கள் இருவருக்கும் நடுவே, அவசரமில்லாமல்,
மூழ்காமல்
நடந்து போனது.

"அப்பா, அது காலு வச்ச எடத்துல வை."
அது வந்த பக்கம் பார்த்துத் திரும்பினோம்.
குளம்புக் குழி ஒவ்வொன்றிலும்
ஒரு மடக்கு வானம். அவள் சொன்னது சரிதான்.
எட்டு வயசுக்காரி முன்னால்,
ஒற்றைச் செருப்போடு டிரைவர் பின்னால்.

வீட்டில் அட்டைகளை எண்ணினோம்.
எனக்கு ஒன்பது, அவளுக்கு ரெண்டே ரெண்டு.
அந்த வருத்தத்தோடு எழுந்துபோய்
சமையலறை சிமெண்டுத் தரையில்
ரெண்டு காலும் சேர்த்துக் குதித்தாள்.
அடுப்பிலிருந்து திரும்பி, என்னடி என்றாள் ரோஸ்லின்.

"செத்துப்போச்சும்மா இது.
ஆடவே மாட்டேங்குது."