நஞ்சுக்கொடி

பெலோ ஒரிசோன்ச்சியில் ஜூலைக் குளிர்.
இன்குபேட்டருக்குள் மட்டும் முப்பத்தேழு டிகிரி.
முட்டை ஓட்டில் நகமளவு ஜன்னல் வெட்டி
எட்டிப் பார்க்கிறாள் ஜுசாரா.
சவ்வின் மேல் சிவப்பு ஆறுகள்
கிளை விட்டுக் கிளை விட்டு,
யாரும் சொல்லித் தராமல்.

கருவுக்குச் சோறூட்டும் கொடிக்கும்
நஞ்சென்றே பெயர் வைத்தோம் நாம்.
அவளுக்கு அது தெரியாது.

ஓநாய்ச் சிலந்தியின் பல் நுனியில்
நேற்று மின்சாரம் தொட்டு எடுத்தது
பனித்துளியில் பாதி.
அதைப் பிரித்து, படித்து,
கொல்லும் முனையை மழுக்கி
ஆய்வகத்தில் மறுபடி கோத்த சிறு மணிச்சரம்.

ஒரு சொட்டு.

இரண்டு நாள் கழித்து
பெரிய ஆறுகள் ஓடுகின்றன.
புதியவை மட்டும்
வாசலில் செருப்பைக் கழற்றாமல் நிற்கும் விருந்தாளிபோல்
உள்ளே வரவில்லை.

நான்காம் மாடியில் ஒனோஃப்ரே,
முப்பது வருடம் மலைச்சாலையில் பஸ் ஓட்டியவர்,
கட்டம் போட்ட அட்டையைப் பார்த்து
"இந்தக் கோடு திரும்புதே" என்கிறார்.
விழித்திரைக்கு அடியில்
கேட்காத இடத்தில் முளைத்த குழாய்கள் கசிகின்றன.
இன்றைக்கும் பழைய ஊசிதான், கண்ணுக்குள்ளேயே.
"சிலந்தி மருந்து எப்போ?"
இன்னும் முயல்கள். இன்னும் வருடங்கள். கையெழுத்துகள்.
லிஃப்டில் ஜுசாரா
எரிந்து அணையும் மாடி எண்களையே பார்க்கிறாள்.

கிளைகள்: நாற்பத்தொன்று. சொட்டுக்குப் பின்: பதினேழு.
நோட்டில் எழுதிவிட்டு,
வலி அறியும் நாள் வருவதற்குள்
முட்டைகளை உறைபெட்டியில் அடுக்குகிறாள்.
பதினெட்டாம் முட்டை இன்னும் கதகதப்பு.
கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருக்கிறாள்.

சிலந்திக்கு ஒரு வெட்டுக்கிளி போட வேண்டும்.